புதிதாக வந்த ராஜபாளையம் நாய்க்குட்டி இரவெல்லாம் அழுகிறது: எங்கே படுக்க வைப்பது, எப்படித் தூங்கப் பழக்குவது?

வைகைக்கரை எழுதியது:

மதுரையிலிருந்து எழுதுகிறேன். ராஜபாளையத்துக்கு அருகில் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து பெட்டைக் குட்டி ஒன்றை வாங்கி வந்திருக்கிறோம். ஐம்பது நாள் ஆகிறது என்று கொடுத்தவர் சொன்னார். பகலில் குட்டி நன்றாகவே இருக்கிறது. வைத்ததைச் சாப்பிடுகிறது, என் மகனின் காலடியிலேயே சுற்றுகிறது, துவைக்கும் கல்லின் நிழலில் ஒருக்களித்துப் படுத்து மணிக்கணக்கில் உறங்குகிறது. இரவு பத்து மணிக்கு முன்வாசல் கார் ஷெட்டில் சாக்கு விரித்து, அதன்மேல் குட்டியை விட்டுவிட்டு நாங்கள் கதவைச் சாத்தியதும் அழுகை தொடங்குகிறது. முதலில் முனகல், பிறகு குரலை உயர்த்திக் கத்தல், அதன்பின் கழுத்தை மேலே தூக்கி நீண்ட ஊளை. சற்று ஓய்ந்து மறுபடியும் அதே வரிசை, விடியும்வரை. இரும்புக் கதவின் அடிக்கம்பியைக் கடித்ததில் ஈறில் இரத்தம் கசிந்திருப்பதை நேற்றுக் காலையில் பார்த்தேன்.

என் மாமனார், "மூன்று நாள் கத்தும், நான்காம் நாள் தானாக அடங்கும், இப்போது எழுந்து போய்த் தூக்கினால் காலம் முழுக்க உன்னைத் தூங்கவிடாது" என்கிறார். கிராமத்தில் பல நாய்களை வளர்த்தவர் என்பதால் அவர் சொல்லைத் தட்டவும் முடியவில்லை. மாமியாருக்கோ, நாய் வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில் உடன்பாடில்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவர்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அழவிட்டுப் பழக்குவதுதான் முறையா? அருகில் படுத்தால் பிறகு பிரிக்கவே முடியாமல் போய்விடுமா? வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சஞ்சீவிமலை எழுதியது:

வணக்கம் அம்மா. நான் ராஜபாளையத்துக்காரன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இந்த நாய்கள் இருக்கின்றன. உங்கள் மாமனார் சொல்வது பொய்யில்லை. அந்தக் காலத்தில் நாய் வீட்டுக்குள் படுத்ததே இல்லை. குட்டிகளும் வெளியில்தான் வளர்ந்தன. ஆனால் அன்றைய தோட்டத்தில் இரவு எப்படி இருந்தது என்பதையும் அவரிடமே கேட்டுப் பாருங்கள். தாய்நாயோ, வளர்ந்த இன்னொரு நாயோ அங்கே இருக்கும். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் காவலுக்கு ஒருவர் படுத்திருப்பார். குட்டி அந்தக் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும். அவர் நடுச்சாமத்தில் எழுந்து மடை மாற்றப் போனால் அதுவும் வரப்பில் பின்னாலேயே போய்த் திரும்பிவரும். தொழுவத்தில் மாடு அசைபோடும் சத்தமும், ஆளின் இருமலும் அதற்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே குட்டி வெளியில் படுத்தது உண்மை, தன்னந்தனியாகப் படுத்ததில்லை. சுற்றுச்சுவருக்குள், சிமெண்டுத் தரையில், விளக்கை அணைத்துவிட்டு ஒற்றைக் குட்டியை விட்டுவருவது நம் ஊர்ப் பழைய வழக்கம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இனத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜபாளையம் நாய்கள் பெரும்பாலும் ஒருவரிடம் மட்டும் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். புதியவரிடம் எளிதில் சேராது. ஆகவே முதல் வாரங்களில் இரவில் கூடப் படுக்கிறவர் ஒருவராகவே இருந்துவிடாமல், வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் படுப்பது பின்னாளில் உதவும். முடிந்தால் குட்டியைக் கொடுத்தவரிடம் போய், தாய் படுத்திருக்கும் துணியில் ஒரு துண்டை வாங்கி வாருங்கள். அதைத் துவைக்காமல் குட்டியின் படுக்கையில் போட்டு வையுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

பழக்கவழக்கங்களைப் பேசுவதற்கு முன்னால் உடம்பைப் பார்த்துவிடுவது நல்லது. வயிற்றில் உபாதை இருக்கிற குட்டியை எந்தப் பயிற்சியாலும் தூங்கவைக்க முடியாது.

முதலாவது, வயது. 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. நம் பக்கத்தில் முப்பது, நாற்பது நாளிலேயே கொடுத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. எட்டு வாரத்துக்குள் பால்பற்கள் இருபத்தெட்டும் ஏறத்தாழ முளைத்துவிடும் என்பதால், மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தால் சொன்ன வயதுக்கும் உண்மையான வயதுக்கும் உள்ள வேறுபாடு ஓரளவு தெரிந்துவிடும். கடைவாய்ப் பக்கம் பற்கள் இன்னும் முழுமையாக வெளிவரவில்லை என்றால், குட்டி நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. இன்னும் உடன்பிறந்தவற்றோடு குவியலாகப் படுத்திருக்க வேண்டிய வயதில் இருக்கிறது. ஈறில் இரத்தம் கசிந்தது என்கிறீர்கள். அதையும் அப்போதே காட்டிவிடுங்கள். இரும்புக் கம்பியைக் கடித்தால் பால்பல் உடையக்கூடும்.

இரண்டாவது, குடற்புழு. உருளைப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் வந்துவிடுகிறது. பிறகு தாய்ப்பாலின் வழியாகவும் வருகிறது. சுத்தமான வீட்டில் பிறந்த குட்டிக்கும் இது பொருந்தும். உடம்பு ஒல்லியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் இருந்தால், சாப்பிட்டபின் வயிறு இறுகியிருந்தால், இரவு அழுகையில் புழுவுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். இரண்டு வார வயதிலிருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறையும் புழு நீக்க மருந்து தருவது வழக்கம். எடை பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும். இந்தப் புழுவின் முட்டை குழந்தைகளின் வயிற்றுக்குள்ளும் போகக்கூடியது. மகன் குட்டியோடு விளையாடியபின் கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

மூன்றாவது, இரவில் என்ன கொடுக்கிறீர்கள் என்பதை எழுதவில்லை. பசும்பாலில் சோற்றையோ ரொட்டியையோ ஊறவைத்துப் படுக்கும் நேரத்தில் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு அந்தப் பால் செரிப்பதில்லை. நள்ளிரவில் வயிறு இரைந்து கழிச்சலாகிறது, குட்டி தன் படுக்கையை அசுத்தமாக்க மனமின்றிக் கத்துகிறது. கடைசி உணவை இரவு ஏழரை, எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். நன்றாகக் குழைந்த சோறு, வேகவைத்த கோழி, அல்லது பழகிய குட்டித் தீவனம் போதும். ஒரு நாள் உணவை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

தூங்கவைப்பதற்காக எந்த மருந்தும் வேண்டாம். குழந்தைகளுக்கான சளி மருந்தைக் கொடுத்தால் உறங்கிவிடும் என்று யாராவது சொல்லக்கூடும். பாராசிட்டமால், ஐபுபுரோஃபன் போன்றவை நாய்க்கு நஞ்சாகக்கூடியவை. சில மில்லிலிட்டரே குட்டிக்கு ஆபத்தாக முடியும். படுக்கைக்குப் பழைய சேலை நல்லதுதான். ஆனால் பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த சேலையாக இருக்கக் கூடாது. துணி மடிப்பில் தங்கிய உருண்டைத் துண்டைக் குட்டி விழுங்கினால் இரத்த அணுக்கள் சிதையும்.

வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், தலையைத் தூக்காமல் கிடப்பது இவற்றில் எது தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். புதிய வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்துக்குள் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் வெளிப்படுவது அடிக்கடி நடப்பது.

கோவைப் பயிற்றுநர் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதை எல்லாம் பார்த்து முடித்து, உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் குட்டி அழும். பிறந்ததிலிருந்து ஒரு நொடிகூடத் தனியாக உறங்கியறியாத உயிர் அது. தாயின் வயிற்றுச் சூடும், மற்றக் குட்டிகளின் மூச்சும், பால் வாசமும் ஒரே நாளில் இல்லாமல் போய்விடுகின்றன. அந்த வயதில் குட்டி தன் கூட்டத்தைப் பிரிந்தால் குரல் கொடுக்கும். குரலைக் கேட்டுத் தாய் தேடி வரும். உங்களை ஏய்ப்பதற்காகவோ, வீட்டுக்குள் இடம் பிடிப்பதற்காகவோ அது கத்தவில்லை.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1950, 60-களில் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம்வரை உள்ள காலத்தில்தான் யார் தன்னைச் சேர்ந்தவர், எது பாதுகாப்பான இடம் என்று குட்டி மனத்தில் பதித்துக்கொள்கிறது என்பது அங்கே நிறுவப்பட்டது. குட்டியைத் தனியாக விட்டுப் பார்த்தபோது, பழகிய இடத்தில் இருந்ததைவிடப் பழக்கமில்லாத இடத்தில் அது மிக அதிகமாகக் கத்தியது என்பதும் அதே ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டதுதான். உங்கள் கார் ஷெட் அதற்குப் பழக்கமில்லாத இடம். இரவில் மட்டுமே, அதுவும் தனியாக மட்டுமே, அது பார்க்கிற இடம்.

எனவே இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்குங்கள். இரவில் யாராவது ஒருவர் குட்டிக்குக் கையெட்டும் தூரத்தில் படுக்க வேண்டும். பகலில், இரவுக்கான இடத்தைக் குட்டிக்குப் பிடித்த இடமாக்க வேண்டும். நான்கு வேளைச் சாப்பாட்டில் இரண்டு வேளையாவது அங்கேயே வையுங்கள். பிற்பகலில் குட்டி களைத்துச் சாயும் நேரத்தில் அங்கே தூக்கிப் போய்ப் படுக்க வையுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலே போதும். ஓரளவு பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி வாசலாக்கி, உள்ளே பருத்தித் துணி விரித்தால் குட்டிக்கு மூன்று பக்கமும் சுவர் கிடைக்கும். சாக்கை எடுத்துவிடுங்கள், பிரிந்துவரும் சணல் நாரைக் குட்டிகள் மென்று விழுங்கும். கம்பிக் கூண்டு வாங்குவதானால், நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கும் அளவு இருக்கட்டும். ஆனால் பகலில் தானாக உள்ளே போய் உறங்கப் பழகும்வரை இரவில் கூண்டின் கதவைப் பூட்ட வேண்டாம்.

நடுவில் எழுந்து அழுதால், அது எந்த அழுகை என்று கவனியுங்கள். உங்கள் கை பட்டதும் அடங்கினால் அது துணை தேடிய அழுகை. கையை வைத்திருங்கள், பேசவோ தூக்கவோ வேண்டாம். ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, தரையை முகர்ந்துகொண்டு வட்டமிட்டால் சிறுநீருக்கான அவசரம். உடனே தூக்கிக்கொண்டு போய் மண்ணில் விடுங்கள். கைபட்டும் அடங்காமல், முதுகை வளைத்துக் கீச்சுக் குரலில் கத்தினால் வலியாக இருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்தறியக் காதும் கண்ணும் அருகில் இருக்க வேண்டும் என்பதே கூடப் படுக்கச் சொல்வதற்கு எனக்குள்ள முதற்காரணம்.

கரிசல்காட்டுக்காரர் எழுதியது:

நான் இதில் முழுக்க உடன்படவில்லை. எங்கள் வீட்டு நாய்கள் எல்லாம் வெளியில் வளர்ந்தவைதான். குட்டிகள் சில இரவுகள் கத்தும், நாங்கள் போகமாட்டோம், பிறகு அடங்கிவிடும். அவை எதுவும் மனம் உடைந்து போகவில்லை. இன்றைக்கும் அந்நியர் ஒருவர் வேலிக்குள் கால் வைக்க முடியாது. காவலுக்கென்று வாங்கும் நாயைப் படுக்கைக்கு அருகில் வைத்துத் தூங்கப் பழக்கினால், அது ஆளைத் தேடும் நாயாகத்தான் வளரும். வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த இனத்தை மெத்தைக்குப் பழக்குவது அந்த இனத்துக்குச் செய்யும் நன்மையா என்று யோசியுங்கள். மேலும், அழும்போதெல்லாம் ஓடினால் அழுதால் ஆள் வரும் என்று குட்டி படித்துக்கொள்ளும் என்பதும் உண்மைதானே?

கோவைப் பயிற்றுநர் எழுதியது:

ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அழுத பிறகு ஓடுவது, சில இரவு ஓடுவது, சில இரவு ஓடாமல் இருப்பது, ஒரு மணிநேரம் கத்தவிட்டுப் பொறுக்கமுடியாமல் கடைசியில் தூக்குவது எல்லாமே அழுகையை வளர்க்கும். அதனால்தான் அழத் தொடங்குமுன்பே ஆள் அருகில் இருக்க வேண்டும் என்கிறேன். ஆள் அங்கேயே இருந்தால் அழைப்பதற்குக் காரணமே எழுவதில்லை; அழுகைக்குப் பலன் உண்டு என்று கற்கவும் வாய்ப்பில்லை.

கத்தி ஓய்ந்த குட்டி அமைதியடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதில்தான் நான் மாறுபடுகிறேன். சில குட்டிகள் உண்மையிலேயே பழகிவிடுகின்றன; உங்கள் வீட்டில் வேறு நாய்கள் பக்கத்தில் இருந்திருக்கும், அது பெரிய உதவி. சில குட்டிகள் களைப்பினால் மட்டுமே ஓய்கின்றன. அவை பின்னாளில் வீட்டில் யாரும் இல்லாதபோது கதவைப் பிறாண்டுவதையும், சங்கிலியைக் கடிப்பதையும் நான் பயிற்சிக்கு வரும் நாய்களிடம் தொடர்ந்து பார்க்கிறேன். இந்த அம்மாவின் குட்டி ஈறில் இரத்தம் வரும்வரை கம்பியைக் கடித்திருக்கிறது. அந்த நிலைக்கு வந்த குட்டியை மேலும் சில இரவுகள் அப்படியே விட்டுப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காவல் குணம் இரத்தத்தில் இருப்பது. ஏழெட்டு மாதத்துக்கு மேல், தன் இடம் எது, தன் ஆட்கள் யார் என்ற உறுதி வந்தபின் அது தானாக வெளிப்படும்.

அடுக்ககவாசி எழுதியது:

சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். எங்களுடையது தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி. இனம் வேறானாலும் இரவு ஒன்றுதான் என்பதால் எங்களுக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

கூடத்தில் பாய் விரித்து நானும் என் தம்பியும் முறைவைத்துப் படுத்தோம். தரை முழுக்க வழவழப்பான டைல்ஸ். குட்டியின் கால் வழுக்கி விரிந்ததால் படுக்கையிலிருந்து பால்கனிவரை பழைய ரப்பர் விரிப்புகளைப் போட்டோம். தடுப்பூசிகள் முடியும்வரை தெரு மண்ணில் விடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் பால்கனியில் அகலமான பிளாஸ்டிக் தட்டில் மண் நிரப்பி வைத்தோம். இரவில் அங்கே தூக்கிப் போகும்போது பெரிய விளக்கைப் போடுவதில்லை, கொஞ்சுவதில்லை, தின்பண்டம் கொடுப்பதில்லை. போய், இருந்து, திரும்பிவந்து படுத்துவிட வேண்டும். நடுச்சாமத்தில் கொஞ்சம் பால் காட்டினால், அடுத்த இரவு அதே நேரத்துக்குக் குட்டி விழித்துக்கொள்ளும்.

பலர் நினைக்காத ஒன்று கொசு. அழுகைக்குக் காரணம் தனிமை என்றே நாங்கள் எண்ணியிருக்க, மூக்கின் மேலும் அடிவயிற்றிலும் கொசுக்கடித் தடிப்புகள் இருப்பதைத் தம்பிதான் கண்டுபிடித்தான். கைக்குழந்தைகளுக்குப் போடும் குடைக் கொசுவலையை அட்டைப்பெட்டியின் மேல் கவிழ்த்த பிறகு தூக்கம் நீண்டது. கொசுவத்திச் சுருளைக் குட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். அதன் மூக்கு தரையோடு இருக்கிறது, புகையும் அங்கேதான் தேங்குகிறது. உங்கள் கார் ஷெட் திறந்தவெளி என்பதால் வலை கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறேன். ராஜபாளையம் குட்டிக்கு முடி மிகக் குட்டை. வயிற்றுப் பக்கம் வெறும் தோல்தான்.

பக்கத்து வீட்டாரிடம் நீங்களே முதலில் போய்ப் பேசிவிடுங்கள். குட்டி புதிது, இன்ன ஏற்பாடு செய்கிறோம், சில நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொன்னபின் கேட்கும் சத்தம் வேறு; சொல்லாமல் கேட்கும் சத்தம் வேறு.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரிடம் காட்டினோம். கடைவாயில் பற்கள் சில இன்னும் வெளிவரவே இல்லை. குட்டிக்கு ஆறு வாரம்தான் இருக்கும் என்றார். பல் எதுவும் உடையவில்லை, ஈறுக்கு மருந்து தந்தார். புழு மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் சேமியாப் போல வெள்ளைப் புழுக்கள் வந்தன. இரவுப் பாலை நிறுத்திவிட்டோம்.

சஞ்சீவிமலை ஐயா எழுதியதை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். மடை மாற்றும் இடத்தில் நிறுத்தச் சொல்லிச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அன்றிரவே தம் நாடாக் கட்டிலைக் கார் ஷெட்டுக்குத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டார். நாய் உள்ளே வரக்கூடாது என்பதில் மாமியாரும், வெளியில்தான் வளர வேண்டும் என்பதில் மாமனாரும் இன்னமும் உறுதியாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் குட்டி இப்போது அவர் கட்டிலுக்குக் கீழே பெட்டியில், அவருடைய பழைய துண்டின் மேல் படுக்கிறது. ஊளை நின்றுவிட்டது. இரவு ஒரு மணி வாக்கில் ஒருமுறையும், மூன்றரைக்கு ஒருமுறையும் சிறுநீருக்கு எழுகிறது. இது எவ்வளவு காலம் தொடரும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். குட்டி உறங்கும்போது சமையலறையில் குக்கர் விசில் அடித்தாலும், மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதுகூட அசைவதில்லை. கட்டிலிலிருந்து மாமனார் காலைத் தரையில் ஊன்றினால் மட்டும் சட்டென்று எழுகிறது. மின்சாரம் போய் இருட்டானால் மறுபடி பழைய கத்தல் வந்துவிடுகிறது. வெள்ளை நிறம், சிவந்த மூக்கு. குட்டிகள் ஆழ்ந்து உறங்குவது இயல்பு என்று விட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

சிறுநீர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மணிநேரம் அடக்க முடியும் என்ற தோராயக் கணக்கு வரும். ஆறு வாரக் குட்டிக்கு இரண்டரை மணிநேரமே அதிகம். உங்கள் குட்டி ஏற்கெனவே நன்றாகச் செய்கிறது. நான்கு மாதத்தை ஒட்டி, பெரும்பாலான குட்டிகள் இரவு முழுவதும் தாங்கும். அதற்காகத் தண்ணீரைப் பறிக்க வேண்டாம். மதுரைக் கோடையில் மாலையிலேயே தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடச் சொல்லும் அறிவுரையை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். படுக்குமுன் ஒருமுறை வெளியே விட்டால் போதும்.

இரண்டாவது கேள்வியை இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். ராஜபாளையம் இனத்தில் பிறவிச் செவிடு கணிசமாக உண்டு. டால்மேஷன் போன்ற வெள்ளை மிகுந்த வேறு இனங்களிலும் இது காணப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாதபோது, கேட்கும் உறுப்புக்கு இரத்தம் தரும் அடுக்கு, பிறந்த சில வாரங்களிலேயே சிதைந்து, ஒலியை உணரும் அணுக்கள் அழிந்துவிடுகின்றன. இதற்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ இல்லை.

வீட்டில் இப்படிச் சோதிக்கலாம். குட்டி உறங்கும்போது, அது உங்களைப் பார்க்காத, காற்றும் அதிர்வும் அதன்மேல் படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். பிறகு ஸ்பூனால் எவர்சில்வர் தட்டைத் தட்டுங்கள். தரையில் தட்டக் கூடாது, கையில் பிடித்தே தட்ட வேண்டும். பலமுறை, வேறு வேறு நேரங்களில் செய்தும் காதோ தலையோ திரும்பவில்லை என்றால் இரண்டு காதும் கேட்கவில்லை என்று கருத இடமுண்டு. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளைத்தண்டின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை தேவை. செவிடு என்று உறுதியானால் இந்த நாயைக் குட்டி போட விடாதீர்கள். கொடுத்தவருக்கும் தெரிவியுங்கள், அதே பெற்றோரை அவர் மறுபடி சேர்க்காமல் இருக்க அது உதவும்.

சஞ்சீவிமலை எழுதியது:

அம்மா, காது கேட்காத ராஜபாளையம் நாய் எங்கள் வீட்டிலும் ஒன்று பன்னிரண்டு வயதுவரை வாழ்ந்தது. கவலைப்படாதீர்கள். இரவை மட்டும் கொஞ்சம் வேறுவிதமாக அமைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்கும் குட்டி இருட்டிலும் உங்கள் மூச்சைக் கேட்டு ஆள் இருப்பதை அறிந்துகொள்ளும். கேட்காத குட்டிக்கு இருட்டு வந்தால் ஆள் இல்லை. மின்சாரம் போனபோது உங்கள் குட்டி கத்தியதற்கு அதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கார் ஷெட்டில் ஒரு ஜீரோ வாட் பல்பு இரவெல்லாம் எரியட்டும். மின்வெட்டுக்கு, மின்சாரம் போனதும் தானாக எரியும் சார்ஜ் விளக்கு ஒன்றை மாட்டிவையுங்கள். உடுத்திய துணி ஒன்று எப்போதும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். துண்டு போட்டது மிகச் சரி, அதை அடிக்கடி துவைக்காதீர்கள்.

உறங்கும்போது திடீரென்று முதுகில் கைவைத்து எழுப்பக் கூடாது. அதற்கு நீங்கள் வருவது தெரியாது. பயந்து கடிக்க வாய்ப்புண்டு. உள்ளங்கையை மூக்குக்கு நேரே சற்று நேரம் பிடியுங்கள், வாசனை ஏறி மூக்கு அசையும். அதன்பின் தோள்பட்டையில் இரண்டு விரலால் மெதுவாகத் தொடுங்கள். எழுந்ததும் ஒரு சிறு துண்டு கோழி கொடுங்கள். நள்ளிரவில் கொடுக்க வேண்டாம், பகலில் பழக்குங்கள். மகனுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். உறங்குகிற குட்டியிடம் அவன் ஓடிப் போகவே கூடாது. உங்கள் மாமனார் கால் ஊன்றும் அதிர்வுக்கு எழுகிறது என்கிறீர்கள், அதையே அடையாளமாக்கிக்கொள்ளலாம். எழுப்ப வேண்டும் என்றால் தரையில் இரண்டு தட்டு, அவ்வளவுதான்.

வளர்ந்தபின் இந்த நாயை இரவில் தனியாகத் திறந்தவெளியில் கட்டிப்போடும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். பாம்பு வந்தாலும், வேறு நாய் பின்னால் வந்தாலும் அதற்குத் தெரியாது. உங்கள் மாமியாரின் மனமும் நோகாதபடி பின்கட்டு வராண்டா போல, கூரையும் அடைப்பும் உள்ள ஓர் இடத்தை இப்போதே முடிவுசெய்துகொள்ளலாம்.

கோவைப் பயிற்றுநர் எழுதியது:

பின்கட்டு வராண்டா என்று முடிவானால் மாற்றத்தை அவசரப்படுத்தாதீர்கள். சிறுநீருக்குத் தவிர வேறெதற்கும் எழாமல் குட்டி உறங்கத் தொடங்கிய பிறகு, கட்டிலையும் பெட்டியையும் ஒன்றாகவே அங்கே நகர்த்துங்கள். இடம் மாறும்போது ஆள் மாறக் கூடாது. ஆள் மாறும்போது இடம் மாறக் கூடாது. அங்கே உறக்கம் நிலைத்தபின், பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கட்டிலை மட்டும் சில இரவுகளுக்கு ஒருமுறை ஒரு முழம் தள்ளிப்போடுங்கள். குட்டி எழுந்து கட்டிலைத் தேடி வந்தால் ஒரு முழம் முன்னால் கொண்டுவந்துவிட்டு, மறுபடி தொடங்குங்கள். கடைசியில் கட்டில் வீட்டுக்குள்ளும் பெட்டி வராண்டாவிலும் இருக்க, நடுவில் உள்ள கதவு திறந்திருக்கும். காது கேட்காத குட்டியாக இருந்தால் அந்தக் கதவில் மரப்பலகைக்குப் பதில் கம்பிக் கதவு போட்டுவிடுங்கள். படுத்த இடத்திலிருந்தே உங்கள் மாமனாரின் கட்டில் அதன் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பகலில் தனித்திருக்கப் பழக்குவதை இப்போதே ஆரம்பிக்கலாம். அது விழித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது, அது பார்க்கும்படி எழுந்து அடுத்த அறைக்குப் போய் உடனே திரும்புங்கள். பிறகு ஒரு நிமிடம், பிறகு சில நிமிடங்கள். உறங்கும்போது நழுவிப் போகாதீர்கள். கேட்காத குட்டி விழித்துப் பார்க்கும்போது, உறங்குமுன் பக்கத்தில் இருந்தவர் காணாமல் போயிருந்தால், அடுத்த முறை உறங்கவே தயங்கும். எழுந்து போகத்தான் வேண்டும் என்றால் தோளைத் தொட்டு எழுப்பி, போவதைக் காட்டிவிட்டுப் போங்கள்.